தேரோடும் வீதியில் இருபத்தாறு ஜன்னல்கள்

நேற்றுக் காலை 6.20 மணிக்குத் தெற்கு வீதியின் கடைசி வீட்டில் தண்ணீர் பிடித்து, குளோரின் அளவை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப்பில் ஊற்றினேன். மருந்து விட்டதும் இளமஞ்சள் ஏறியது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் குளோரின். குடிநீரில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மே மாதம் இதே குழாயடியில் மூன்று நாள் சோதித்தபோது நிறமே ஏறவில்லை. இந்த வீதியின் பழைய குடிநீர்க் குழாய்க்குள் புதுக் குழாயைச் செருகியது மொத்தம் இருபத்தேழு நாள் வேலை. அதில் பத்து நாள் எங்கள் தவறால் போனது. குழியில் போட்ட மண் ஈரம் காயும் முன்பே எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்கும் இன்னொருவருக்கு அந்தப் பத்து நாளாவது மிச்சமாகட்டும்.

ஊர் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், காவிரிக்கரையில். நான் எட்டு ஆட்களோடு குழாய் பதிக்கும் வேலையை எடுத்துச் செய்கிறவன். தெற்கு வீதியில் அறுபது ஆண்டுகளுக்கு முன் பதித்த 12 அங்குல வார்ப்பிரும்புக் குழாய் இருந்தது. அந்தக் காலத்தில் மேற்குக் கோடியில் இருந்த நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து ஊர் முழுமைக்கும் இதன் வழியாகத்தான் தண்ணீர் போனது. பிறகு கிழக்கே புதுத் தொட்டி வந்தது, பெரிய குழாய்கள் வேறு வழியில் போயின. ஊரையே சுமந்த குழாய் 41 வீடுகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

"பெரிய குழாய் இருந்தால் நல்லதுதானே, தண்ணீர் தாராளமாக வருமே" என்று வீதியில் எல்லோரும் கேட்டார்கள். வாசலில் வைத்தே அளந்து காட்டினேன். 12 லிட்டர் குடம் ஒரு வீட்டில் ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது. தண்ணீர் விட்டதும் 41 வீட்டுக் குழாய்களும் ஒன்றாகத் திறக்கின்றன, அதாவது நொடிக்கு 8 லிட்டர். துருக்கட்டி போக அந்தக் குழாயின் உள்வாய் 26 சென்டிமீட்டர். அதற்குள் 8 லிட்டர் போனால் தண்ணீரின் வேகம் நொடிக்கு 15 சென்டிமீட்டர்தான். அந்த வேகத்தில் வண்டல் நகராது, படியும். 184 மீட்டர் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் 9,800 லிட்டர். வீதி முழுவதும் காலையில் பிடிப்பது ஏறக்குறைய 9,000 லிட்டர். ஆக, கடைசி வீட்டுக்குக் காலையில் போய்ச் சேர்ந்தது முந்தின மாலை விட்ட தண்ணீர். இரவெல்லாம் இரும்போடு கிடந்து, குளோரினை இழந்து, துருவைக் கரைத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டுப் பாட்டி குழாய் வாயில் வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டியிருந்தார். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவாராம். அவிழ்த்துக் காட்டியபோது நடுவில் செங்காவி நிறத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம் கெட்டியாகப் படிந்திருந்தது.

வீதியை வெட்டிப் புதுக் குழாய் போடலாமே என்றால், இது தேரோடும் வீதி. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வேலைக்காக வீதியின் குறுக்கே பள்ளம் தோண்டி, களிமண்ணை அப்படியே தள்ளி மூடிவிட்டார்கள். அந்த வைகாசியில் தேரின் முன் சக்கரம் ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டது. அரை நாள் ஜாக்கியும் கட்டையும் கொடுத்துத்தான் தூக்கினார்களாம். டெல்டா களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும். அதில் நீளப் பள்ளம் வெட்டி மூடினால் இரண்டு மழைக்காலம் போகாமல் அமராது. வீதிக்காரர்கள் வெட்டக் கூடாது என்றது நியாயம்.

வெட்டாமல் செய்ய இரண்டு வழிகள் இருந்தன. பழைய குழாயை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளி, அதே வழியில் புதுக் குழாயை இழுப்பது ஒன்று. அதே அளவோ அதைவிடப் பெரியதோ வேண்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் உடைந்த துண்டுகள் மண்ணைத் தள்ளும். ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் கிடக்கும் 12 அங்குலக் குழாய்க்கும் பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லாத இடங்கள் இருக்கின்றன. எங்களுக்கோ சின்னக் குழாய்தான் வேண்டும். அதனால் பழைய குழாயை உறையாக விட்டு, அதற்குள் 160 மில்லிமீட்டர் எச்.டி.பி.இ. என்ற கறுப்பு பிளாஸ்டிக் குழாயைச் செருகும் வழியை எடுத்தோம். சுவர்க்கனம் 9.5 மில்லிமீட்டர், உள்வாய் 141. அதே 8 லிட்டர் இதில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். உள்ளே நிற்கும் தண்ணீர் 2,870 லிட்டர்தான்.

தேர் ஓடி முடிந்த பிறகுதான் கை வைக்கலாம் என்றார்கள். ஜூன் 14 அன்று தொடங்கினோம். எல்லாச் சிக்கலுக்கும் வேர் இந்தத் தேதி. மேட்டூர் அணை முறைப்படி ஜூன் 12இல் திறந்தாகிவிட்டது, ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊரின் ஊற்று நீரும் ஏறும்.

முதலில் இரு கோடியிலும் குழி. குழாய் உள்ளே போகும் குழிக்கு 3 மீட்டர் நீளம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். 160 குழாயை அதன் விட்டத்தைப் போல 25 மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது, அதாவது 4 மீட்டர். 1.2 மீட்டர் ஆழத்துக்கு அந்த வளைவில் இறங்க 4.2 மீட்டர் நீளம் வேண்டும். சரிவாக வெட்டி நீட்டினோம். குழியின் பக்கங்களுக்குச் சவுக்குக் கம்பும் பலகையும் கொடுத்தோம்.

பழைய குழாயை அறுத்துத் திறந்தபோது உள்ளே பலாப்பழத் தோலைப் போல முண்டு முண்டாகத் துரு. கேபிள் போடுகிறவர்களிடம் 200 மீட்டர் கண்ணாடியிழைக் கம்பியை வாடகைக்கு வாங்கி உள்ளே ஓட்டி, அதன் வாலில் இரும்புக் கயிற்றைக் கட்டி மறுகோடிக்குக் கொண்டுவந்தோம். சங்கிலிக் கொத்தை நாலு முறை இழுத்ததில் 31 சட்டி துரு வந்தது. ஜூன் 17 அன்று ஒத்திகையாக, அதே 160 குழாயில் 2 மீட்டர் துண்டை வெட்டி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இழுத்துப் பார்த்தோம். வெளியே வந்த துண்டில் கீழ்ப்பக்கம் லேசான உராய்வைத் தவிர ஒன்றுமில்லை. அந்த ஒத்திகையை நம்பித்தான் மோசம் போனோம்.

நடுவில் குழாய்களை ஒட்டும் வேலை. 12 மீட்டர் நீளமுள்ள 16 குழாய்களைப் பக்கத்துத் தெருவில் வரிசையாகப் போட்டு முனையோடு முனை உருக்கி ஒட்டினோம். இயந்திரம் தஞ்சாவூரிலிருந்து வாடகைக்கு வந்தது. தகட்டின் சூடு 215 டிகிரி. இரு முனையையும் சீவி, தகட்டில் அழுத்தி, சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் விளிம்பு உருகி எழுந்ததும் அழுத்தத்தைத் தளர்த்தி 95 நொடி. பிறகு தகட்டை எடுத்து 8 நொடிக்குள் இரண்டு முனையும் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்தபின் கால் மணி நேரம் யாரும் தொடக் கூடாது. முதல் நாள் ஆற்றுக் காற்று ஒரு பக்கமாக அடித்ததில் இரண்டு ஒட்டுகளில் விளிம்பு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் ஒல்லியாகவும் வந்தது. இரண்டையும் அறுத்துப் போட்டுவிட்டு, நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினோம். குழாயின் மறுமுனையையும் மூடினோம். திறந்திருந்தால் குழாய்க்குள்ளேயே காற்று வந்து தகட்டைக் குளிர்த்துகிறது. அதன் பிறகு ஒட்டுகள் ஒன்றுபோல வந்தன. சரியான ஒட்டின் விளிம்பு இரட்டை உதடாக, வழவழவென்று, சுற்றிலும் ஒரே தடிப்பில் இருக்கும். விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒட்டி முடிக்கும்போது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கல்லணையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்த மூன்றாம் நாள் கொல்லைக் கிணறுகளில் ஏறியது. நாலாம் நாள் குழியில் ஊறியது. எங்கும் பொத்தலான பழைய குழாய் வீதியின் ஊற்று நீரையெல்லாம் வாய்க்காலைப் போல வாங்கிக் குழிக்குள் விட்டது. 5 குதிரைத்திறன் டீசல் பம்ப்பை இரவு முழுவதும் ஓட்டினாலும் பழைய குழாயின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றால் குழாய் வழுக்கிக்கொண்டு போகும், நல்லதுதான் என்று நினைத்தேன்.

ஜூன் 24, முதல் இழுப்பு. 184 மீட்டர் குழாயின் எடை ஏறக்குறைய 800 கிலோ, உராய்வுக்கு எடையில் பாதி என்று வைத்தாலும் 400 கிலோ இழுவை போதும். கயிற்றைச் சுற்றி இழுக்கும் 3 டன் கை வின்ச்சும், கயிற்றின் நடுவில் ஒரு தராசும் மாட்டியிருந்தோம். முதல் 20 மீட்டர் 60, 70 கிலோவிலேயே போனது. 48 மீட்டரில் தராசு திடீரென்று 900 காட்டியது. நிறுத்தி, பின்னால் இழுத்து வெளியே எடுத்தோம். குழாயின் மேல்முதுகில், நாலு குழாய் நீளத்துக்கும் நேராக ஒரு கோடு. கீறலின் அடியில் விரல் நகம் முழுவதும் உட்கார்ந்தது. ஆழ அளவியில் 1.6 மில்லிமீட்டர். சுவர்க்கனத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.95 மில்லிமீட்டர் வரைதான் கீறலைப் பொறுக்கலாம்.

ஒத்திகையில் கீழே உராய்ந்த குழாய் இப்போது மேலே கீறப்பட்டது ஏன் என்று குழிக்கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. ஒத்திகை காய்ந்த குழாயில் நடந்தது. இப்போது உள்ளே தண்ணீர். இழுக்கும் மூக்கு மூடியிருப்பதால் புதுக் குழாய்க்குள் காற்று. முழுக்க அமிழ்ந்தால் மீட்டருக்கு 20 லிட்டர் இடத்தை அடைக்கும் குழாயின் எடை மீட்டருக்கு 4.3 கிலோதான். அது மிதந்து மேலே ஏறியிருக்கிறது. மேலே 41 வீட்டு இணைப்புகளின் பித்தளை ஃபெரூல்களும், அதாவது வீட்டுக் குழாயைப் பெரிய குழாயில் கோக்கும் திருகுமுனைகளும், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கின்றன. புதுக் குழாயில் இணைப்பு கொடுக்கும்போது அவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் முடிவு செய்திருந்தேன். வேலையின் வரிசைதான் தவறு. 48 மீட்டர் குழாயை வெட்டி ஒதுக்கினோம்.

மறுநாள் முதல் ஃபெரூலைக் கழற்றப் பார்த்தோம். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட்டும் அசையவில்லை. பித்தளை முறுக்கி உடைந்து, தண்டு உள்ளேயே நின்றுவிட்டது. எங்கள் மூத்த ஃபிட்டர் பார்த்துக்கொண்டே இருந்தவர், "தம்பி, இதைக் கழற்ற வேண்டாம். எப்படியும் புதுக் குழாயில் இணைப்பு கொடுக்க இந்த இடத்தில் பழைய குழாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? இப்போதே ஜன்னலாக வெட்டிவிடுங்கள், ஃபெரூலும் அந்தத் துண்டோடு வந்துவிடும்" என்றார். வேலையைக் காப்பாற்றியது அந்த ஒரு வார்த்தை.

அடுத்தடுத்த வீடுகளின் இணைப்புகளைச் சேர்த்து 26 குழிகள், ஒவ்வொன்றும் 60க்கு 90 சென்டிமீட்டர். பழைய குழாயின் மேல் மூன்றில் ஒரு பங்கை 30 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிரைண்டரால் கோடு போட்டு அறுத்தோம். முழுக் கனத்தையும் அறுக்காமல் முக்கால் வரை அறுத்து, மூலையில் உளி வைத்து ஒரு தட்டு தட்டினால் வார்ப்பிரும்பு பிஸ்கட்டைப் போலப் பிளந்து வருகிறது. ஒரு ஜன்னலுக்கு 40 நிமிடம், இரண்டு அறுப்புத் தட்டு. வெட்டிய விளிம்பு கத்தியாக இருந்தது. அதை ராவி, மேலே பி.வி.சி. குழாயை நெடுக்கில் பிளந்த பட்டையைக் கவ்வக் கொடுத்தோம். ஈரக் குழிக்குள் மின்சாரக் கிரைண்டரோடு நிற்பது ஆபத்து. ஒவ்வொரு குழியையும் இறைத்துவிட்டு, ரப்பர் கையுறையும் காலணியும் இல்லாமல் யாரையும் இறக்கவில்லை. ஜெனரேட்டரில் கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்சும் மாட்டினோம். பழைய குழாயை அறுத்ததிலிருந்து வீதிக்கு லாரித் தண்ணீர்தான். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மத்தியானம் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஜூலை 3, இரண்டாம் இழுப்பு. இந்த முறை பின்முனையிலிருந்து குழாய்க்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே இழுத்தோம். உள்ளேயும் தண்ணீர் இருந்தால் மிதக்கும் விசை மீட்டருக்கு 200 கிராம்தான். 26 ஜன்னல்களிலும் ஆட்கள் மாறி மாறி நின்று பார்த்துக் குரல் கொடுத்தார்கள். இரண்டே கால் மணி நேரத்தில் மூக்கு மறுகோடிக் குழியில் எட்டிப் பார்த்தது. தராசு 420ஐத் தாண்டவில்லை. முதுகில் இருந்த மிக ஆழமான கீறல் 0.4 மில்லிமீட்டர்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த தவறு. மாலை 5 மணிக்கே இரு முனையையும் அளவாக வெட்டிவிட்டோம். காலையில் வந்து பார்த்தால் இரு கோடியிலும் சேர்த்து 38 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. எச்.டி.பி.இ. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.18 மில்லிமீட்டர் சுருங்கும். 184 மீட்டருக்கு டிகிரிக்கு 33 மில்லிமீட்டர். மத்தியான வெயிலில் தெருவில் கிடந்த கறுப்புக் குழாய் இரவில் மண்ணின் குளிர்ச்சிக்கு இறங்க, இழுத்தபோது நீண்டதும் சேர்ந்து பின்வாங்கியிருக்கிறது. கிழக்கு முனையில் மின்உருக்கு இணைப்பான் ஒன்று வைத்துத் துண்டு சேர்க்க வேண்டியதாயிற்று. மரையாணி போட்டு இணைக்கும் ஃபிளாஞ்ச் வளையத்தை மாட்டி முடுக்கிவிட்டுப் போயிருந்தால் அந்த இழுப்பு ஒட்டின் மேலேயே விழுந்திருக்கும். இரு பக்கமும் ஒரு மீட்டர் நீட்டி விட்டு, ஒரு நாள் முழுவதும் காத்திருந்து வெட்டுங்கள்.

41 வீட்டு இணைப்புகளுக்கும், குழாயின் மேலே வைத்து மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் சாடில் என்ற கிளைவாய்கள். புதுக் குழாயைக் கட்டை கொடுத்துத் தூக்கி, மேல்தோலைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, தண்ணீர் ஊறி மேலே வருவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு குழிக்கு ஒருவர் சட்டியால் இறைத்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டு ஈரம் பட்ட சாடில் ஒன்று சோதனையில் கசிந்தது, மாற்றினோம்.

அழுத்தச் சோதனையில் அரை நாள் வீணானது. சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் 5.1க்கு இறங்கியது. 26 குழிகளிலும் இறங்கித் தேடினோம், கசிவு இல்லை. அழுத்தம் ஏறினால் இந்தக் குழாயே கொஞ்சம் விரிந்து கொடுக்கிறது. மூன்று மணி நேரம் அவ்வப்போது ஏற்றிக் கொடுத்து, அது அடங்கியபின் பார்த்தால் முள் அசையவில்லை. பிறகு 500 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஏற்றி, ஒரு நாள் நிறுத்தி, வாடை போகும்வரை கழுவினோம். குழிகளை ஆற்று மணல் போட்டு, அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து மூடினோம். களிமண்ணை ஒரு சட்டிகூட உள்ளே விடவில்லை.

செலவு: குழாய் மீட்டர் 780 ரூபாய், வீணானதையும் சேர்த்து 240 மீட்டருக்கு 1,87,200. சாடில் 1,150 வீதம் 47,150. ஒட்டும் இயந்திரம் 9 நாளுக்கு 27,000. வின்ச்சும் கம்பியும் 14,000. டீசல் 18,400. அறுப்புத் தட்டு 58 எண்ணம் தேய்ந்தது. கூலி 1,94,400. வால்வு, ஃபிளாஞ்ச், மணல், லாரித் தண்ணீர் எல்லாம் சேர்ந்து மொத்தம் ஏறக்குறைய 5.3 லட்சம். இதில் 1.1 லட்சம் முதல் இழுப்பின் தவறுக்கு, என் கையிலிருந்து போனது. தோண்டிய பரப்பு 22 சதுர மீட்டர். நேராகப் பள்ளம் வெட்டியிருந்தால் 138. பள்ளமே இல்லாத வேலை என்று யாராவது சொன்னால் வீட்டு இணைப்புகள் எத்தனை என்று முதலில் கேளுங்கள். வீடுகள் நெருங்கிய தெருவில் வேலையில் பாதிக்கு மேல் அந்தச் சின்னக் குழிகளில்தான்.

அடுத்தது வடக்கு வீதி. அங்கேயும் இதே 12 அங்குலக் குழாய், 30 வீடுகள். அதற்கு 110 மில்லிமீட்டரே போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அணை மூடியபின், ஆறு காய்ந்து கிணறுகள் இறங்கியிருக்கும் மாசியில் தேதி கேட்டிருக்கிறேன். பி.வி.சி. பட்டைகளைத் துடைத்துக் கட்டிவைத்தாயிற்று. முதல் நாள் கிரைண்டர்தான் இறங்கும், வின்ச் ஏழாம் நாள் வந்தால் போதும்.